நொய்க்கோல்ன் பள்ளிக்கூடம்: கதவைத் திறந்தவர்களும் மூடியவர்களும்

"படிப்பு வந்தால் யார் வேண்டுமானாலும் மேலே வரலாமே, யார் உங்களைத் தடுத்தது?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஜெர்மனியிலும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டார்கள். பெர்லின் நகரின் ஒரு தொழிலாளர் வட்டாரத்தில் இருந்த உயர்நிலைப் பள்ளி ஒன்று அதற்குப் பதில் சொன்னது. வாய்ச்சொல்லால் அல்ல, கதவைத் திறந்து காட்டிப் பதில் சொன்னது. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் கதவை அடித்துச் சாத்தினார்கள். அந்தப் பள்ளியின் கதை இது.

முதலில் தடுத்தது யார் என்று பார்ப்போம். முதல் உலகப்போர் முடியும் வரை ஜெர்மனியில் பள்ளிக்கூடம் இரண்டு உலகங்களாக இருந்தது. பெரும்பான்மை மக்களின் பிள்ளைகள் 'ஃபோல்க்ஸ்ஷூலே' எனப்படும் மக்கள் பள்ளியில் எட்டு ஆண்டுகள் படிப்பார்கள். பதினான்கு வயதில் பட்டறைக்கோ தொழிற்சாலைக்கோ வேலைக்குப் போவார்கள். அத்துடன் படிப்பு முடிந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் 'கிம்னாசியம்' போன்ற உயர்நிலைப் பள்ளிகளில் படித்து, 'அபிடூர்' என்ற இறுதித் தேர்வை எழுதுவார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழி அபிடூர்தான். உயர்நிலைப் பள்ளியில் கட்டணம் உண்டு, லத்தீன் உண்டு. அதற்குக் கீழே, கட்டணம் வாங்கும் தனி ஆயத்தப் பள்ளிகளும் இருந்தன. வக்கீல் மகனும் சுமைதூக்குபவர் மகனும் ஆறு வயதில்கூட ஒரே பெஞ்சில் உட்கார வேண்டிய அவசியம் இல்லாதபடி செய்த ஏற்பாடு அது. எல்லாக் கதவையும் பூட்டி வைத்துவிட்டு, உள்ளே இருப்பவர்களை மட்டும் 'தகுதியானவர்கள்' என்று அழைத்தார்கள்.

1918இல் புரட்சி வந்தது, மன்னர் ஓடிப்போனார், குடியரசு பிறந்தது. 1919இல் வந்த வைமார் அரசியல் சட்டத்தின் 146ஆம் பிரிவு, ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது அதன் திறனையும் விருப்பத்தையும்தான் பார்க்க வேண்டும், பெற்றோரின் பொருளாதார, சமூக நிலையையோ மதத்தையோ பார்க்கக் கூடாது என்றது. 1920இல் வந்த சட்டம் முதல் நான்கு ஆண்டுகளை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக்கியது. தனி ஆயத்தப் பள்ளிகளை ஒழிக்கச் சொன்னது. பெரிய வெற்றிதான். ஆனால் பத்து வயதில் பழைய பிரிவினை அப்படியே காத்திருந்தது. அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டால் மட்டும் கதவு திறந்துவிடாது என்பதை நாம் யாரிடமும் போய்க் கற்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் நொய்க்கோல்ன் வருகிறது. 1912 வரை ரிக்ஸ்டோர்ஃப் என்று அழைக்கப்பட்ட ஊர் அது. 1920இல் பெருநகர் பெர்லினோடு சேர்க்கப்பட்டது. முற்றத்துக்குப் பின்னால் முற்றமாக, வெளிச்சம் நுழையாத அடுக்குக் குடியிருப்புகளில் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. இடதுசாரிக் கட்சிகளின் கோட்டை. அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. அதன் பெயர் கைசர் ஃபிரிட்ரிக் ரெயால்கிம்னாசியம். தொழிலாளர் வட்டாரத்தின் நடுவே பேரரசன் பெயரில் ஒரு பள்ளி!

1921இல் அந்தப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக வந்தவர் ஃபிரிட்ஸ் கார்சன். 1885இல் பிறந்தவர், சமூக ஜனநாயகவாதி. அதற்கு முந்தைய ஆண்டு, பிரஷ்ய ராணுவ அதிகாரிகளை உருவாக்கிய லிஷ்டர்ஃபெல்டே பயிற்சிப் பள்ளியைச் சாதாரணப் பள்ளியாக மாற்றும் பொறுப்பை ஏற்று, பழமைவாதிகளின் எதிர்ப்பால் வெளியேற நேர்ந்தவர். நொய்க்கோல்னில் அவருக்கு ஒரு துணை கிடைத்தது. அதே 1885இல் பிறந்த குர்ட் லோவன்ஸ்டைன், நொய்க்கோல்ன் மாவட்டத்தின் கல்விப் பொறுப்பாளர். இவர் 1920இல் பெர்லின் முழுமைக்குமான தலைமைக் கல்விப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். யூதர், சோசலிஸ்ட், பள்ளியில் மத ஆதிக்கம் கூடாது என்பவர். வலதுசாரிகள் கூச்சலிட்டார்கள், அவருடைய நியமனம் உறுதிசெய்யப்படவில்லை. பெரிய பதவியில் உட்கார விடாத மனிதர் சின்னப் பதவியில் உட்கார்ந்து பெரிய வேலை செய்தார்.

இருவரும் சேர்ந்து செய்தவற்றில் இரண்டு காரியங்களை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

முதலாவது, 1922இல் தொடங்கிய 'ஆஃப்பௌஷூலே'. மேற்கட்டும் பள்ளி என்று சொல்லலாம். ஒரு தொழிலாளியின் பிள்ளைக்குப் படிப்பில் நாட்டம் இருப்பது பல நேரம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்தான் வெளியே தெரியும். அதற்குள் பத்து வயதுக் கதவு சாத்தியிருக்கும். மேற்கட்டும் பள்ளி மக்கள் பள்ளியில் ஏழு ஆண்டுகள் முடித்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது. ஆறு ஆண்டுகளில் அபிடூர் வரை கொண்டுபோனது. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படித்தார்கள்.

இரண்டாவது இன்னும் துணிச்சலானது. 1923இல், பணவீக்கத்தால் ஜெர்மனியின் காசு காகிதமாகிக்கொண்டிருந்த ஆண்டில், ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்ட இளம் தொழிலாளர்களுக்கு அபிடூர் வகுப்புகளைத் தொடங்கினார் கார்சன். பட்டறையிலும் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்கள் மீண்டும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். 'உனக்கு வயதாகிவிட்டது, உன் நேரம் போய்விட்டது' என்று சமூகம் கைகழுவியவர்கள், மற்றவர்கள் ஒன்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்ட படிப்பைச் சில ஆண்டுகளிலேயே முடித்துப் பல்கலைக்கழகத்தில் நுழைந்தார்கள்.

தோழர்களே, இங்கே கொஞ்சம் நின்று யோசிப்போம். இவர்களுக்குத் திறமை 1923இல் திடீரென்று முளைத்ததா? இல்லை. இவர்கள் பத்து வயதிலும் இதே மனிதர்கள்தான். பத்து வயதில் 'தகுதியற்றவர்' என்று முத்திரை குத்தப்பட்டவரே இருபது வயதைக் கடந்து அதே தேர்வில் தேறினார் என்றால், முதலில் குத்திய முத்திரை பொய். தகுதி என்பது அளந்து பார்த்துக் கண்டுபிடித்த ஒன்றாக இருக்கவில்லை. யாருக்கு நேரமும் புத்தகமும் ஆசிரியரும் கொடுக்கப்பட்டதோ அவரிடம் அது உருவானது, அவ்வளவுதான்.

ஆனால் கதவைத் திறந்தால் மட்டும் போதுமா? உள்ளே போனவர்கள் பழைய எஜமானர்களைப் போலவே பேசவும் நினைக்கவும் கற்றுக்கொண்டு, தம் தெருவை மறந்துபோனால் என்ன பயன்? கார்சன் இந்த ஆபத்தை அறிந்திருந்தார். 'உருவாகிவரும் சமூகத்தின் பள்ளி' என்பது அவர் 1921இல் எழுதிய நூலின் தலைப்பு. இருக்கும் சமூகத்துக்கு ஆள் தயாரித்துக் கொடுப்பதோடு பள்ளியின் வேலை முடிந்துவிடாது, வரப்போகும் சமூகத்தைப் பள்ளிக்குள்ளேயே வாழ்ந்து பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. எனவே வகுப்பறை மாறியது. ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதிக்கொள்ளும் முறை பின்னுக்குப் போனது. மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து ஒரு கேள்வியை எடுத்து ஆராய்ந்து, வகுப்பின் முன் வைத்து விவாதித்தார்கள். பள்ளி நிர்வாகத்தில் மாணவர்களுக்குக் குரல் இருந்தது. தொழில் எப்படி நடக்கிறது, மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நேரில் பார்க்க ஆய்வுப் பயணம் போனார்கள். 1930 வாக்கில் பள்ளியின் பெயரும் மாறியது. கைசர் போனார், கார்ல் மார்க்ஸ் வந்தார். அன்றிலிருந்து அது கார்ல் மார்க்ஸ் பள்ளி.

மழலை வகுப்பு முதல் அபிடூர் வரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே வளாகத்தில் படிக்கும் பெரிய பள்ளி ஒன்றைக் கட்டவும் கார்சன் கனவு கண்டார். கட்டடக் கலைஞர் புரூனோ டௌட் அதற்கு வரைபடம் போட்டார். 1928இல் மாதிரிக்காக ஒரே ஒரு வகுப்பறைக் கட்டடம் எழுந்தது. அடுத்த ஆண்டு உலகப் பொருளாதார நெருக்கடி. மீதிப் பள்ளி காகிதத்திலேயே நின்றுவிட்டது.

இந்தப் பள்ளி மாணவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1930இல் பெர்டோல்ட் பிரெக்ட் பள்ளி மாணவர்களுக்காக ஒரு சிறு இசை நாடகம் எழுதினார், இசை குர்ட் வைல். 'ஆம் என்பவன்' என்பது அதன் பெயர். பழைய ஜப்பானிய நாடகம் ஒன்றைத் தழுவியது. ஓர் ஆசிரியர் மலைகளைக் கடந்து பயணம் போகிறார். நோயுற்ற தாய்க்கு மருந்து வாங்கிவர ஒரு சிறுவனும் கூடப் போகிறான். வழியில் சிறுவனுக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. பயணத்தில் நோயுற்றவனைப் பள்ளத்தில் தள்ளிவிட வேண்டும் என்பது பழைய வழக்கம். அதற்கு முன் அவனிடம் சம்மதம் கேட்க வேண்டும், அவனும் சம்மதம் சொல்ல வேண்டும், அதுவும் வழக்கம். சிறுவன் 'ஆம்' என்கிறான்.

நாடகம் கார்ல் மார்க்ஸ் பள்ளிக்கு வந்தது. மாணவர்கள் விவாதித்தார்கள், ஏற்க மறுத்தார்கள். வழக்கம் என்பதற்காக ஒருவன் சாக வேண்டுமா? அவன் 'ஆம்' என்றதற்குச் சரியான காரணம் எங்கே? பிரெக்ட் அந்த விமர்சனங்களைப் புறந்தள்ளவில்லை. நாடகத்தைத் திருத்தி எழுதினார். கூடவே 'இல்லை என்பவன்' என்ற இன்னொரு நாடகத்தையும் எழுதினார். அதில் சிறுவன் 'மாட்டேன்' என்கிறான். பழைய வழக்கத்தில் தனக்கு நியாயம் எதுவும் தெரியவில்லை, ஒவ்வொரு புதிய நிலைமையிலும் புதிதாகச் சிந்திப்பதையே இனி வழக்கமாக்க வேண்டும் என்கிறான். எல்லோரும் அவனைச் சுமந்துகொண்டு திரும்புகிறார்கள். மாணவர்கள் சொன்ன கருத்துகளின் குறிப்புகளையும் பிரெக்ட் நாடகத்தோடு சேர்த்து 1931இல் அச்சிட்டார். உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவரின் கையைப் பள்ளிப் பிள்ளைகள் பிடித்துத் திருத்த வைத்தார்கள். பழைய வழக்கத்தின் பெயரால் பள்ளத்தில் தள்ளப்படுபவர்களிடமே சம்மதம் வாங்குவது என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்குப் புரிந்திருந்தது. நமக்கும் புரியும்.

இப்படிப்பட்ட பள்ளியை ஹிட்லர் ஆட்சி எத்தனை நாள் விட்டுவைக்கும்? 1933 ஜனவரி 30இல் ஹிட்லர் பிரதமரானார். மூன்றே வாரத்தில், பிப்ரவரி 21இல், கார்சன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். நாடாளுமன்றம் எரிவதற்கு முன்பே இது நடந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். அவர்களுடைய அவசரப் பட்டியலில் ஒரு பள்ளிக்கூடம் அவ்வளவு மேலே இருந்தது. அதே மாத இறுதியில் லோவன்ஸ்டைன் வீட்டை நாஜிக் குண்டர்கள் தாக்கினார்கள். அவர் நாட்டைவிட்டுத் தப்பி, 1939இல் பாரிஸில் இறந்தார். தொழிலாளர் வகுப்புகள் மூடப்பட்டன, பல ஆசிரியர்கள் வெளியேற்றப்பட்டார்கள், கைசர் பெயர் திரும்பி வந்தது. ஏப்ரல் 25இல் ஒரு சட்டம் வந்தது. பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் 'கூட்டம் அதிகமாகிவிட்டது', ஆகவே புதிதாகச் சேருபவர்களில் யூதர்கள் 1.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது அந்தச் சட்டம். வெளியே தள்ளும்போது வெறுப்பு என்று யாரும் பெயர் வைப்பதில்லை. நெரிசல், தரம் என்றுதான் பெயர் வைப்பார்கள்.

கார்சன் சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், கொலம்பியா என்று அலைந்து 1938இல் அமெரிக்கா சேர்ந்தார். போர் முடிந்தபின், 1946இல், அமெரிக்க ராணுவ நிர்வாகத்தின் உயர்கல்வி அதிகாரியாக இடிந்துகிடந்த பெர்லினுக்குத் திரும்பினார். 1947இல் நான்கு நேச நாடுகளும் சேர்ந்து இலவசக் கல்வியையும் எல்லோருக்கும் பொதுவான பள்ளி அமைப்பையும் வலியுறுத்தின. 1948இல் பெர்லின் எட்டு ஆண்டுப் பொதுப் பள்ளிக்குச் சட்டமும் போட்டது. 1951இல் மேற்கு பெர்லின் அதை ஆறாக வெட்டியது. மேற்கு ஜெர்மனியின் மற்ற பெரும்பாலான பகுதிகளில் பத்து வயதுப் பிரிவினை மீண்டும் சிம்மாசனம் ஏறியது. அந்த 1951இலேயே, யுனெஸ்கோ பணியில் இருந்தபோது, ஈக்வடார் நாட்டில் கார்சன் இறந்தார். நொய்க்கோல்னின் பிரிட்ஸ் பகுதியில் இன்று அவர் பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளையும் பிரிக்காமல் ஒன்றாகப் படிக்கவைக்கும் பள்ளி.

பழைய கதை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. 2000ஆம் ஆண்டின் பீசா ஆய்வு, பெற்றோரின் நிலையே பிள்ளையின் படிப்பை மிக அதிகமாகத் தீர்மானிக்கும் நாடுகளில் ஒன்றாக ஜெர்மனியைக் காட்டியது. 2006இல் அங்கே போன ஐ.நா.வின் கல்வி உரிமைச் சிறப்பு அறிக்கையாளர் வெர்னோர் முன்யோஸ், இளம் வயதிலேயே பிள்ளைகளைப் பிரிப்பதைக் கண்டித்தார். 2010 ஜூலையில் ஹாம்பர்க் நகரம் பொது ஆரம்பப் பள்ளியை நான்கிலிருந்து ஆறு ஆண்டுகளாக நீட்ட முயன்றபோது, பொதுவாக்கெடுப்பில் அது தோற்றது. அதை எதிர்த்துப் பிரச்சாரம் செய்து வென்றவர்களில் முன்னின்றது வசதியுள்ள பெற்றோர்கள்தான். இரண்டே இரண்டு ஆண்டுகள் தம் பிள்ளைகள் மற்றவர் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காருவதைக்கூட அவர்களால் ஏற்க முடியவில்லை.

கார்சனின் பள்ளி இன்று எர்ன்ஸ்ட் அப்பே கிம்னாசியம் என்ற பெயரில் நொய்க்கோல்னின் சோனன் அலே சாலையில் நடக்கிறது. அப்பே ஒளியியல் அறிஞர். நூற்பாலைத் தொழிலாளியின் மகன். அவருடைய பள்ளிப் படிப்புக்கு அப்பாவின் முதலாளி தயவு தேவைப்பட்டது. பின்னாளில் தம் தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தவர். இன்று அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் துருக்கி, அரபு நாடுகள் போன்றவற்றிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். நூறு ஆண்டுகளுக்கு முன் தொழிலாளர் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வியை இன்று ஜெர்மனி இவர்களிடம் கேட்கிறது.

ஒரு பள்ளியால் சமூகத்தை மாற்றிவிட முடியாது. நொய்க்கோல்ன் பள்ளியாலும் முடியவில்லை. ஆனால் 'இவர்களுக்குப் படிப்பு வராது' என்ற பொய்யை அது பன்னிரண்டு ஆண்டுகள் தினமும் பொய்யென்று நிரூபித்தது. அந்த நிரூபணத்தை 1933இல் அழிக்க முடியவில்லை, பள்ளியைத்தான் மூட முடிந்தது. அடுத்த முறை யாராவது 'யார் உங்களைத் தடுத்தது?' என்று கேட்டால், தேதியோடும் பெயரோடும் பதில் சொல்லுங்கள்.