ஒரு லட்சம் என்ற கோடு

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அரை மணிக்கொரு முறை முட்டல், ஓடிப்போய் உட்கார்ந்தால் நாலு சொட்டு. இப்படி நீர்க்கடுப்போடு மருத்துவரிடம் வரும் பெண் யூரின் கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து ‘குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை’ என்ற ஆய்வகச் சீட்டோடு திரும்புவது வழக்கம். எரிச்சல் அப்படியே இருக்கும்; சீட்டோ தொற்று இல்லை என்று சொல்லும். அந்த வாசகத்துக்குப் பின்னால் நெடுங்காலமாக ஓர் எண் நிற்கிறது: ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 1,00,000 பாக்டீரியா. அதற்கு மேலென்றால் தொற்று, கீழென்றால் வெறும் கலப்படம். 1950களில் பாஸ்டனில் உருவான இந்த எண் பெண்களுக்கு நன்மை செய்யவே வந்தது. எந்தக் கேள்விக்காக அளந்தார்களோ அந்தக் கேள்வியை விட்டு வேறொரு கேள்விக்கு அதைப் பதிலாக்கியபோதுதான், வலியைச் சொல்லிக்கொண்டு வந்த பெண்களின் பேச்சு மதிப்பிழந்தது.

சிறுநீரைப் பார்த்து நோய் சொல்வது கிருமிகளைப் பற்றித் தெரிவதற்கு வெகு முந்தைய கலை. இடைக்கால ஐரோப்பாவில் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி நிறம் பார்த்தார்கள். நம் சித்த வைத்தியர்கள் நீர்க்குறி பார்த்தார்கள், எண்ணெய்த் துளி சிறுநீர்மேல் பரவும் விதத்தைக் கொண்டு நெய்க்குறி சொன்னார்கள். 1885இல் தியோடர் எஷரிக் குழந்தைகளின் மலத்திலிருந்து பிரித்து விவரித்த பாக்டீரியாதான் பிற்பாடு அவர் பெயரைத் தாங்கிய ஈ.கோலை. சிறுநீர்ப்பை அழற்சி கண்ட சிறுமிகளின் சிறுநீரிலும் அதே கிருமி இருப்பதை 1894இல் அவரே எழுதினார். குடலில் சாதுவாக வாழும் உயிர், மலவாயிலிருந்து அருகிலுள்ள சிறுநீர்த் துளைக்கு வந்து மேலேறுகிறது. பெண்ணுக்கு அந்தப் பாதை நான்கு சென்டிமீட்டர் அளவுதான். காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் நிரூபிப்பதில் சிக்கல் இருந்தது. வெளியே வரும் சிறுநீர் தோலைத் தொட்டு, அங்கிருக்கும் கிருமிகளையும் வாரிக்கொண்டு வரும். அதனால் சுத்தமான மாதிரி வேண்டுமென்று பெண்களுக்குக் கத்தீட்டர் போட்டு எடுத்தார்கள். அந்தக் குழாயே கிருமியை உள்ளே தள்ளிவிடும். 1958இல் பால் பீசன் என்ற அமெரிக்க மருத்துவர் கத்தீட்டருக்கு எதிராகத் தலையங்கமே எழுத வேண்டியிருந்தது.

பாஸ்டன் நகர மருத்துவமனையின் எட்வர்ட் காஸ் இந்தச் சிக்கலுக்குத்தான் வழி தேடினார். எந்தத் தொந்தரவும் சொல்லாத பலருடைய சிறுநீரகங்களில் நாட்பட்ட தொற்றின் தழும்புகள் பிரேதப் பரிசோதனையில் தென்படுவது அவரைக் கவலையில் ஆழ்த்தியிருந்தது. உயிரோடு இருக்கும்போதே, கத்தீட்டர் போடாமல், தானாகக் கழித்த சிறுநீரைக் கொண்டே இந்த ஊமைத் தொற்றைக் கண்டுபிடிக்க முடியுமா? சிறுநீரகத் தொற்றோடு படுத்திருந்தவர்களின் சிறுநீரையும் எந்த அறிகுறியும் இல்லாதவர்களின் சிறுநீரையும் எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கைகள் இரண்டு குவியலாகப் பிரிந்தன. தோலிலிருந்து ஒட்டியவை ஆயிரக்கணக்கில் நின்றுவிட்டன; சிறுநீர்ப்பைக்குள்ளேயே பெருகியவை லட்சத்தைத் தாண்டின. 1956இல் வெளியான அவருடைய ஆய்வு அறிகுறியற்ற தொற்றைப் பற்றியதுதான். அறிகுறியில்லாத பெண்ணிடம் ஒரு மாதிரி லட்சத்தைத் தாண்டினால் உண்மைத் தொற்றுக்கு 80 விழுக்காடு வாய்ப்பு, அடுத்தடுத்து இரண்டு மாதிரிகள் தாண்டினால் 95 விழுக்காடு என்று கணக்கிட்டார். கர்ப்பிணிகளிடம் இந்த ஊமைத் தொற்றைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் பின்னால் வரும் சிறுநீரகத் தொற்றைத் தடுக்கலாம் என்பதையும் அவரே காட்டினார். இன்றும் கர்ப்ப காலத்தில் யூரின் கல்ச்சர் செய்யச் சொல்வது அந்த உழைப்பின் தொடர்ச்சி. மிகப் பெரிய பணி அது.

ஆனால் எண்ணுக்கு ஒரு கவர்ச்சி உண்டு. வாய் திறந்து வலி சொல்லாதவர்களுக்காக வரைந்த கோட்டை, வலி சொன்னவர்கள் மீதும் இழுத்துவிட்டார்கள். 1965இல் நியூசிலாந்தின் பொது மருத்துவர்களிடமிருந்து வந்த ஆய்வொன்று, எரிச்சலோடு வந்த பெண்களில் கணிசமானோர் ஒரு லட்சத்தை எட்டவில்லை என்று கண்டது. இரண்டு முடிவுகளுக்கு அப்போது இடமிருந்தது: கோடு தவறு, அல்லது பெண்கள் சொல்வது வேறெதுவோ. மருத்துவ உலகம் இரண்டாவதை எடுத்துக்கொண்டது. ‘யுரீத்ரல் சிண்ட்ரோம்’ என்ற பெயர் பரவியது. அந்தப் பெயரின் கீழ் சிலருக்குச் சிறுநீர்த் துளையை உலோகக் கம்பிகள் விட்டு விரித்தார்கள். சிலருக்கு மனப்பதற்றம் என்றார்கள். இங்கிலாந்தில் ஆஞ்செலா கில்மார்டின் 1970களின் தொடக்கத்தில் இந்தப் பெண்களுக்காக ஒரு சங்கம் கண்டதும், தற்காப்பு வழிகளைச் சொல்லி 1973இல் புத்தகம் எழுதியதும் இந்தப் புறக்கணிப்பின் விளைவே.

சியாட்டிலில் வால்டர் ஸ்டாம் என்ற மருத்துவர், கோடு தவறு என்ற முதல் முடிவை எடுத்துச் சோதித்தார். எரிச்சல் இருந்தும் ‘தொற்று இல்லை’ என்று சொல்லப்பட்ட 59 பெண்களை அவருடைய குழு ஆராய்ந்தது. தேவைப்பட்டபோது அடிவயிற்றில் ஊசி செலுத்திச் சிறுநீர்ப்பையிலிருந்தே நேரடியாக மாதிரி எடுத்தார்கள். 42 பேரின் சிறுநீரில் சீழணுக்கள் இருந்தன. அந்த 42 பேரில் 37 பேருக்குத் தொற்று உறுதியானது. ஈ.கோலை போன்றவை சிலரிடம், பாலுறவால் தொற்றும் கிளமிடியா சிலரிடம். 1980இல் இது வெளியானது. 1982இல் வந்த அடுத்த ஆய்வு கோட்டையே நேருக்கு நேர் அளந்தது: சிறுநீர்ப்பையில் ஈ.கோலை வகைக் கிருமி இருந்த பெண்களில் 51 விழுக்காட்டினரை மட்டுமே ஒரு லட்சம் பிடித்தது. நூறு என்று கோட்டைத் தாழ்த்தினால் 95 விழுக்காட்டினர் அகப்பட்டார்கள். காரணம் ஆய்வக மேசையிலேயே புரியும். அரை மணிக்கொரு முறை கழிப்பவளின் சிறுநீர்ப்பையில் கிருமி பெருகி லட்சமாக நேரமே இல்லை. எரிச்சல் தாளாமல் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தால் இருப்பதும் நீர்த்துப்போகும். போதாததற்கு, தட்டில் சிறுநீரைத் தேய்க்கும் கம்பி வளையம் பெரும்பாலும் ஒரு மைக்ரோலிட்டர் அளவையே எடுக்கும். அதில் ஒரே ஒரு புள்ளி வளர்ந்தால் அதன் பொருள் மில்லிலிட்டருக்கு ஆயிரம். நூறு இருந்தால் அந்த வளையத்துக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது.

பெண்ணின் வாய்மொழியை நம்பி மருந்து கொடுத்தால் ஆன்டிபயாட்டிக் வீணாகும், எதிர்ப்பாற்றல் பெருகும் என்பது கனமான ஆட்சேபம். நம் நாட்டில் ஈ.கோலை குவினலோன் மருந்துகளுக்கு எவ்வளவு மரத்துப்போயிருக்கிறது என்பதைப் பார்த்தால் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் வாய்மொழி எவ்வளவு துல்லியம் என்பதையும் அளந்திருக்கிறார்கள். 2002இல் பல ஆய்வுகளைத் திரட்டிய ஒரு கட்டுரை, எரிச்சலும் அடிக்கடி போதலும் இருந்து, வெள்ளைப்படுதலோ பிறப்புறுப்பு அரிப்போ இல்லையென்றால் தொற்றுக்கு 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு என்றது. முன்பே தொற்று வந்து பழகிய பெண்கள் தாமாக இனம்கண்ட 172 முறைகளில் 84 விழுக்காடு கல்ச்சரிலும் உறுதியானதாகச் சியாட்டில் ஆய்வொன்று 2001இல் சொன்னது. 2017இல் பெல்ஜியத்தில், அறிகுறியோடு வந்த பெண்களில் கல்ச்சர் 80.9 விழுக்காட்டினரிடம் கிருமியைக் கண்டது; மரபணுச் சோதனை 95.9 விழுக்காட்டினரிடம் ஈ.கோலையைக் கண்டது. வாய்மொழியை நம்புவது என்பது குவினலோன் வகை நார்ஃப்ளாக்சசினைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது அல்ல. சரியாகக் கேட்டு, நைட்ரோஃபுரன்டாயின் போலச் சிறுநீரில் மட்டும் செறியும் பழைய மருந்தைச் சில நாளுக்குக் கொடுத்தால் போதும். மருந்தில்லாமலே தேறுபவர்களும் உண்டு. ஜெர்மனியில் 2015இல் ஐபுபுரோஃபன் மட்டும் பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்படவில்லை. ஆனால் ஆன்டிபயாட்டிக் பெற்றவர்களைவிட ஐபுபுரோஃபன் பெற்றவர்கள் கூடுதலாக அவதிப்பட்டார்கள், சிறுநீரகத் தொற்றும் அவர்களிடமே சற்று அதிகம். ஆகவே அதைத் தேர்வு செய்வதும் நோயுற்ற பெண்ணோடு பேசி முடிவெடுக்க வேண்டிய காரியம்.

பேச்சை நம்புவதில் பேச்சின் எல்லையும் அடக்கம். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவில் வலி, வாந்தி என்றால் தொற்று சிறுநீரகத்தைத் தொட்டிருக்கலாம். கர்ப்பம், அடிக்கடி திரும்பி வரும் கடுப்பு, மருந்துக்குக் கேட்காத கடுப்பு ஆகியவற்றுக்குக் கல்ச்சர் கட்டாயம். புதிய உறவுக்குப் பின் எரிச்சல் என்றால் கிளமிடியாவைத் தேட வேண்டும். இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் 16 வயதிலிருந்து 64 வரையான பெண்களுக்கு மருந்தாளுநரே கேள்வி கேட்டு மருந்து கொடுக்கும் ஏற்பாடு இந்த எல்லைகளை வகுத்துக்கொண்டுதான் நடக்கிறது. மறுபக்கம், எந்தத் தொந்தரவும் சொல்லாத மூதாட்டியின் சிறுநீரில் லட்சம் கிருமி வளர்ந்ததென்று மருந்து எழுதுவதும் அதே எண்ணுக்கு அடிமைப்படுவதுதான். கர்ப்பிணிகளையும் சில சிறுநீர்ப் பாதை அறுவைகளுக்கு முந்தைய நிலையையும் விட்டால், அறிகுறியற்ற கிருமிக்கு மருந்து வேண்டாம் என்றே இன்றைய அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. கல்ச்சருக்கு அனுப்பும் படிவத்தில் நோயாளியின் தொந்தரவை எழுத ஓர் இடம் இருக்கும். பெரும்பாலும் அது காலியாகவே போகிறது. எரிச்சல், முட்டல், எத்தனை நாளாக என்று அதில் எழுதியிருந்தால் ஆய்வகம் பத்து மைக்ரோலிட்டர் வளையத்தை எடுக்கலாம். நூறு, ஆயிரம் அளவில் வளர்ந்த ஈ.கோலையையும் சீட்டில் எழுதலாம். ஒன்றும் எழுதாமல் வந்த புட்டியைப் பார்த்து, உள்ளே இருப்பது யாருடைய வலி, எந்தக் கேள்விக்கான மாதிரி என்று அவர்களால் ஊகிக்க முடியாது.