எடை குறைந்தால் வெற்றியா? கொண்டச்சியில் சிறுவர் உடற்பருமன் தடுப்பை மதிப்பிடுதல்

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரிவில், சிலாவத்துறைக்கு அருகே இருக்கிறது கொண்டச்சி. இத்தகைய ஊரில் சிறுவர் உடற்பருமனைத் தடுக்கும் சமூகத் திட்டம் ஒன்று பலன் தந்ததா என்பதை எதைக்கொண்டு தீர்மானிப்பது? இலங்கை தன் பிள்ளைகளை இதுவரை எதற்காக நிறுத்துப் பார்த்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறை, மருத்துவமாதை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 1973இல் சோளம், சோயா, பால்மா சேர்ந்த திரிபோஷ என்ற சத்துணவு வந்தது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் அதைப் பெற்றனர். அக்காலத்துக் கணக்கு எளிமையானது: எடை ஏறினால் திட்டம் வென்றது. பசி பரவியிருந்த நாட்டில் அது நியாயமான கணக்கும்கூட.

பின்னர் கணக்கு தலைகீழானது. 2007இல் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளுக்கான சுற்றறிக்கை வெளிவந்தது. 2016 ஓகஸ்ட் முதல் மென்பானங்களுக்கு நிறக்குறி கட்டாயமாயிற்று. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2017 நவம்பரில் மென்பானங்களில் உள்ள ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் வரி விதிக்கப்பட்டது. மறு ஆண்டு இறுதியிலேயே அது தளர்த்தப்பட்டது. இப்போது எடை இறங்குவதே வெற்றியின் அடையாளம்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் 15.1 சதவீதம் உயரத்துக்கேற்ற எடையில்லாதவர்கள், 17.3 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். மிகை எடை கொண்டவர்களோ ஏறத்தாழ 2 சதவீதம்தான். பாடசாலை வயதில் பருமன் தலைகாட்டும்போதும் மெலிவு மறைந்துவிடுவதில்லை. ஒரே வகுப்பறையில் இரண்டும் உட்கார்ந்திருக்கும். உடற்றிணிவுச் சுட்டியின் சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு அந்த இரண்டு பிள்ளைகளுமே தெரியமாட்டார்கள்.

கொண்டச்சிக்கு இன்னொரு பெரும் குறையும் உண்டு: ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய அளவு இல்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் இவ்வூரார் உட்பட வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினர். மன்னார் முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளத்து முகாம்களில் வாழ்ந்தார்கள். ஒரு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தது. சிற்றுண்டிச்சாலைச் சுற்றறிக்கை வந்தபோது அதைச் செயற்படுத்த ஊரில் பிள்ளைகள் பெரும்பாலும் இருக்கவில்லை. மீள்குடியேற்றம் வேகம் பெற்றது 2009இல் போர் முடிந்த பின்னரே. 2006–07 குடித்தொகை, சுகாதார அளவீட்டிலும் வட மாகாணம் இடம்பெறவில்லை. ஆகவே தேசியச் சராசரியை எடுத்து இவ்வூரின் தொடக்கப் புள்ளியாக வைப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

2022இன் பொருளாதார நெருக்கடி இந்தச் சிக்கலை மேலும் கூட்டியது. பால்மாவும் முட்டையும் எட்டாத விலைக்குப் போன ஆண்டுகளில் பிள்ளைகளின் எடை குறைந்திருந்தால், அது எந்தத் திட்டத்தின் சாதனை? ஒப்பீட்டுக்கு வேறோர் ஊர் இல்லாத மதிப்பீடு, வறுமையையே வெற்றி என்று எழுதிவிடும்.

இதற்கு வழி இல்லாமலில்லை. அவுஸ்திரேலியாவின் ஜீலோங் நகரில் 2004 முதல் 2008 வரை நடந்த சமூகத் திட்டத்தை மதிப்பிட்டவர்கள், தாய்சேய் நல நிலையங்களில் வழமையாகப் பதியப்பட்ட உயர, எடை அளவுகளையே பயன்படுத்தினர்; விக்டோரியா மாநிலத்தின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டனர். மூன்றரை வயதுப் பிள்ளைகளிடையே மிகை எடை குறைந்ததை அவ்வாறே காட்டினர். மருத்துவமாதின் பதிவேடும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையும் நம்மிடமும் இருக்கின்றன. ஜீலோங்கின் நிலையங்களைவிட நமது மருத்துவமாது வீட்டுக்கு நெருக்கமானவர் என்பேன். ஒவ்வொரு தாயையும் பெயர் சொல்லி அழைப்பவர் அவர்.

கொண்டச்சியில் அளக்கும்போது ஒரே வகுப்புகளில், ஆண்டின் ஒரே பருவத்தில், எடையோடு உயரத்தையும் எடுக்க வேண்டும். திட்டம் நடைபெறாத இன்னொரு முசலிக் கிராமத்திலும் அதையே செய்ய வேண்டும். மெலிந்த பிள்ளைகளின் வீதத்தைச் சொல்லாமல், பருமன் குறைந்தது என்று மட்டும் கூறும் எந்த அறிக்கையையும் சுகாதார அதிகாரிகள் ஏற்கக்கூடாது.