தொட்டிலைச் சுற்றிய பஞ்சுத் தடுப்பு

தாய் ஒருத்தி, தன் குழந்தையின் தலை மரத்தில் மோதிவிடலாகாதே என்று அஞ்சி, தொட்டிலின் உட்புறத்தைச் சுற்றி மெத்தென்ற பஞ்சுத் துணி கட்டுகிறாள். அது நன்றா, தீதா? நன்று என்றே நாம் அனைவரும் உடனே விடை கூறுவோம். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆனால், இவ்வினாவுக்குச் சரியான விடை காண அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நம் வீடுகளில் சேலையைத் தூளியாகக் கட்டிக் குழந்தையை உறங்க வைப்பது வழக்கம். அமெரிக்கர்களின் தொட்டில் அத்தகையதன்று. அது நான்கு கால்களில் நிற்கும் ஒரு சிறு கட்டில். அதன் பக்கங்களில் மரச்சட்டங்கள் வரிசையாக நிற்கும். முற்காலத்தில் இச்சட்டங்களின் இடைவெளிக்கு இவ்வளவுதான் என்னும் பொது அளவு கிடையாது. இடைவெளி அகன்ற தொட்டிலில் குழந்தையின் உடல் கால்வழியே வெளியே நழுவும். தலை மட்டும் உள்ளே சிக்கிக்கொள்ளும். இவ்வாறு உயிர் நீத்த குழந்தைகள் உண்டு. இந்த இடைவெளியை மறைக்கத் துணைசெய்தது பஞ்சுத் தடுப்பு. 'பம்பர்' என்பது அங்கு அதற்கு வழங்கிய பெயர். அக்காலத்துத் தாய்மார்கள் அதைக் கட்டியதில் நியாயம் இருந்தது. நான் அந்நாளில் அங்கு வாழ்ந்திருந்தால் நானும் கட்டியே இருப்பேன்.

1973ஆம் ஆண்டு அமெரிக்க அரசு தொட்டில்களுக்கு ஒரு விதி வகுத்தது. சட்டங்களுக்கு இடையேயுள்ள தூரம் 6 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது என்பது அவ்விதியின் முதன்மையான பகுதி. குழந்தையின் உடல் அவ்விடைவெளியில் எளிதில் நுழைய முடியாது. அவ்விதி 1974இல் நடைமுறைக்கு வந்தது. புதிய தொட்டில்களைப் பொறுத்தவரையில் பஞ்சுத் தடுப்புக்கு இருந்த காரணம் அன்றே நீங்கியது. ஆயின், காரணம் மறைந்த பின்னரும் பழக்கம் மறையவில்லை. கடைகளில் மெத்தையும் போர்வையும் தடுப்பும் ஒரே வண்ணத்தில், ஒரே தொகுப்பாக விற்பனைக்கு வந்தன. தாய்மார்கள் அவற்றை அழகுக்காகவும் வாங்கினர். குழந்தையின் தலையில் அடிபடாது, கைகால்கள் சட்டங்களில் சிக்கா என்னும் நம்பிக்கையாலும் வாங்கினர்.

இதற்கிடையே மருத்துவ உலகில் வேறொரு மாறுதல் நிகழ்ந்தது. குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்று அங்குப் பல்லாண்டுகளாக அறிவுரை கூறப்பட்டு வந்தது. 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அதனை மாற்றிக்கொண்டது. குழந்தையை மல்லாந்து படுக்க வைக்குமாறு நாடெங்கும் அறிவுறுத்தும் இயக்கம் 1994இல் தொடங்கியது. அதன்பின் பத்தாண்டுகளுக்குள், உறக்கத்தில் திடீரென நேரும் குழந்தை மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. குழந்தை உறங்கும் இடத்தில் வேறு என்னென்ன தீங்குகள் ஒளிந்திருக்கின்றன என்று ஆராயும் ஆர்வமும் வளர்ந்தது.

செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் பிராட்லி தாக் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் பஞ்சுத் தடுப்பை ஆராய முற்பட்டனர். நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்திடம் இருந்த பழைய பதிவுகளை அவர்கள் எடுத்துப் படித்தனர். 1985 முதல் 2005 வரை 27 குழந்தைகளின் மரணத்துக்கு இத்தடுப்பு காரணமாயிருந்தது என்று கண்டு, 2007இல் வெளியிட்டனர். சில குழந்தைகளின் முகம் பஞ்சில் அழுந்தி மூச்சு அடைபட்டிருந்தது; சில குழந்தைகள் தடுப்புக்கும் மெத்தைக்கும் இடையே சிக்கியிருந்தன; மூன்று குழந்தைகளின் கழுத்தில் தடுப்பைக் கட்டும் நாடா சுற்றியிருந்தது. சில மாதமே ஆன குழந்தை, பஞ்சில் புதைந்த முகத்தைத் தானே திருப்பிக்கொள்ள வலிமையற்றது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். இத்தடுப்பினால் தவிர்க்கப்படும் தீங்குகளோ பெரும்பாலும் சிறு வீக்கங்களும் கன்றல்களுமே. அவற்றிற்கு அஞ்சி உயிரையே பணயம் வைப்பது தகாது என்பது அவர்தம் முடிவு.

எல்லோரும் இதனை உடனே ஏற்றனர் என்று எண்ணாதீர்கள். தொட்டிலில் தலையணை முதலிய வேறு பொருள்களும் கிடந்தனவே, தடுப்பின்மீது மட்டும் பழி சுமத்தலாமா என்று உற்பத்தியாளர் தரப்பில் வினவினர். தடுப்பை மெல்லியதாகச் செய்தால் போதும் என்றும் வாதிட்டனர். வாதம் நீண்டது; சட்டம் சிறிது சிறிதாகவே நகர்ந்தது. 2011இல் சிகாகோ நகரம் இத்தடுப்பின் விற்பனையைத் தடைசெய்தது. அதே ஆண்டில் குழந்தை மருத்துவர் கழகமும் இதனைப் பயன்படுத்த வேண்டா என்று அறிவித்தது. 2013இல் மேரிலாந்து மாநிலம் தடை விதித்தது. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு, 1985 முதல் 2012 வரையிலான மரணங்கள் 48 என்று காட்டியது. இறுதியில், 2022ஆம் ஆண்டு மே மாதம் குடியரசுத் தலைவர் பைடன் கையெழுத்திட்ட சட்டம் நாடு முழுவதும் இதனைத் தடுத்தது. அவ்வாண்டு நவம்பர் மாதம் அது செயலுக்கு வந்தது. காற்றுப் புகும் பஞ்சில்லாத வலைத்துணி மட்டும் அத்தடையில் சேரவில்லை.

இவ்வரலாற்றைப் படித்தபோது என் உள்ளத்தை ஒரு செய்தி உறுத்தியது. தடுப்பைக் கட்டிய தாய்மார்களுக்கு அன்பில் குறைவில்லை, கவனத்திலும் குறைவில்லை. தலை மோதினால் குழந்தை அழும். தாய்க்கு அது கேட்கும். மூச்சு அடைபட்ட குழந்தையோ அழாது. கண்ணுக்குத் தெரிந்த சிறு தீங்கு அச்சம் தந்தது. ஓசையின்றி வந்த பெருந்தீங்கு மறைந்தே நின்றது. ஒவ்வொரு வீட்டிலும் அது தனித்ததொரு துயரமாகவே தோன்றியது. சிதறிக் கிடந்த பதிவுகளை ஒருவர் பொறுமையுடன் கூட்டி எண்ணிய பிறகே உண்மை வெளிப்பட்டது.

மாணவர்களே, ஒரு வழக்கம் உங்கள் முன் வரும்போது, அது எக்காரணத்தால் தோன்றியது, அக்காரணம் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். அமெரிக்க மருத்துவர்கள் இன்று தாய்மார்களுக்குக் கூறும் அறிவுரை எளியது: உறுதியான சமமான மெத்தை, அதன்மேல் இறுக்கமாக விரித்த ஒரு துணி, மல்லாந்து கிடக்கும் குழந்தை, வேறொன்றும் வேண்டுவதில்லை. வெறுமையாகத் தோன்றும் அத்தொட்டிலில் குழந்தைக்குத் தேவையான காற்று நிறைந்திருக்கிறது.