கணினிக்குள் தண்ணீர் வந்த கதை

கணினி வரைகலையில் ஒரு குடத்தை வரைவது எளிது. அந்தக் குடத்திலிருந்து தண்ணீரை ஊற்றுவதுதான் கடினம். குடத்துக்கு ஒரே வடிவம். தண்ணீருக்கோ நொடிக்கு நொடி வேறு வடிவம். சிதறும், சேரும், சுழலும், நுரைக்கும்.

இன்று பிளெண்டர் போன்ற இலவச மென்பொருளில் ஒரு பெட்டியை வைத்து, நாலைந்து பொத்தான்களை அழுத்தினால் தண்ணீர் பாய்கிறது. ஆனால் புதிதாகப் பழகுபவர்கள் பலர் முதல் நாளே திகைத்துப் போகிறார்கள். தண்ணீர் தேன் போல நகர்கிறது, அல்லது வெடித்துச் சிதறுகிறது, அல்லது கணினியே அசையாமல் நின்றுவிடுகிறது! ஏன் இப்படி? விடை இந்த மென்பொருள்களின் வரலாற்றில் இருக்கிறது.

சமன்பாடு உண்டு, விடை இல்லை

நீர், காற்று, புகை எனப் பாயும் பொருள்கள் எல்லாவற்றுக்கும் பாய்மம் என்று பெயர். பாய்மங்களின் ஓட்டத்தை விளக்கும் சமன்பாடுகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்டன. பிரான்சின் பொறியாளர் நேவியர் 1822-லும், கேம்பிரிட்ஜின் கணித அறிஞர் ஸ்டோக்ஸ் 1845-லும் செய்த பணியால் அவை நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் என்று அழைக்கப்படுகின்றன. அடிப்படையில் இது நியூட்டனின் இரண்டாம் விதிதான். அழுத்தம், பாகுத்தன்மை, புவியீர்ப்பு ஆகியவை பாய்மத்தின் வேகத்தை எப்படி மாற்றுகின்றன என்று சொல்கிறது. பார்க்கச் சிறிய சமன்பாடு. ஆனால் மிக எளிய சில சூழல்களைத் தவிர, காகிதத்தில் தீர்க்க முடியாது. இது தொடர்பான கணிதப் புதிர் ஒன்றைத் தீர்ப்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று கிளே கணித நிறுவனம் 2000-ஆம் ஆண்டு அறிவித்தது. அவ்வளவு கடினம்!

அணுகுண்டு பிறந்த இடத்தில்

காகிதத்தில் தீராததைக் கணினியில் தோராயமாகத் தீர்க்கலாம் என்ற முயற்சி தீவிரமாக நடந்த இடங்களில் ஒன்று அமெரிக்காவின் லாஸ் அலமோஸ். முதல் அணுகுண்டை உருவாக்கிய அதே ஆய்வகம். அங்கே பிரான்சிஸ் ஹார்லோ என்பவரின் குழு 1950-களில் ஒரு வழியைக் கண்டது. இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிப்பது, பாய்மத்தைத் துகள்களாக அந்தக் கட்டங்களின் ஊடே நகர்த்துவது. 1965-ல் ஹார்லோவும் வெல்ச்சும் நீரின் மேற்பரப்பைத் துகள்களால் அடையாளம் காணும் இன்னொரு முறையை வெளியிட்டார்கள். 1967-ல் ஒரு துளி நீர் விழுந்து தெறிப்பதையே இப்படிக் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இவர்களுடைய நோக்கம் அறிவியல். எண்கள் சரியாக வர வேண்டும், அவ்வளவுதான். படம் அழகாக இருக்கிறதா என்பது அவர்களுடைய கவலை இல்லை.

திரைக்கு வந்த நீர்

1996-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நிக் ஃபாஸ்டரும் டிமிட்ரி மெட்டாக்ஸஸும் அந்த 1965-ஆம் ஆண்டு முறையை எடுத்து அசைபடத்துக்குப் பயன்படுத்தினார்கள். 1998-ல் வந்த 'ஆன்ட்ஸ்' படத்தின் வெள்ளக் காட்சியில் பாய்ம சிமுலேஷன் இடம்பெற்றது.

ஆனால் ஒரு சிக்கல். கணினி காலத்தையும் சிறு சிறு படிகளாக வெட்டித்தான் கணக்கிடுகிறது. ஒரு காலப்படியில் நீர் ஒரு கட்டத்தைத் தாண்டி ஓடினால் பிழை ஏற்படலாம். அந்தப் பிழை அடுத்த படியில் பெரிதாகி, அதற்கடுத்த படியில் இன்னும் பெரிதாகி, கடைசியில் எல்லா எண்களும் வெடித்துவிடும். இந்த எல்லையை கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி ஆகிய மூவர் 1928-லேயே கண்டு சொல்லியிருந்தார்கள். படியைச் சிறிதாக்கினால் தப்பலாம், ஆனால் கணக்கு முடிய நாள் கணக்கில் ஆகும்.

பின்னோக்கிப் பார்த்தவர்

1999-ல் ஏலியாஸ் வேவ்ஃபிரண்ட் நிறுவனத்தில் இருந்த ஜோஸ் ஸ்டாம் இதை வேறு பக்கத்திலிருந்து அணுகினார். நீரை முன்னோக்கித் தள்ளாமல், ஒவ்வொரு கட்டத்திடமும் ஒரு கேள்வி கேட்டார்: "இப்போது உன்னிடம் வந்திருக்கும் நீர், ஒரு படிக்கு முன்னால் எங்கே இருந்தது?" அந்தப் பழைய இடத்தைச் சுற்றியுள்ள மதிப்புகளின் சராசரியை எடுத்துக்கொண்டால் போதும். சராசரி ஒருபோதும் இருப்பதில் பெரிய எண்ணைத் தாண்டாது. ஆகவே, எவ்வளவு பெரிய படி வைத்தாலும் கணக்கு வெடிக்காது!

வானிலை ஆய்வாளர்கள் இதே போன்ற உத்தியை முன்பே அறிந்திருந்தார்கள். வரைகலைக்கு அதைக் கொண்டுவந்ததுதான் ஸ்டாமின் சாதனை. 2002-ல் மாயா மென்பொருளில் பாய்ம வசதி வந்தது. 2003-ல் விளையாட்டு நிரலாளர்களுக்காக ஏறக்குறைய 100 வரியில் அடங்கும் சி நிரலாகவே இதை எழுதிக் காட்டினார். அன்று முதல் இன்று வரை, சொந்தமாகப் பாய்ம நிரல் எழுதிப் பழகுபவர்களில் பலருக்கு அதுவே முதல் பாடம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. திரும்பத் திரும்பச் சராசரி எடுத்தால் சிறு சுழல்கள் கரைந்துவிடும். புகை மந்தமாகும், நீர் கெட்டியாகத் தோன்றும். பாலம் கட்டும் பொறியாளர் இந்தக் கணக்கை நம்ப முடியாது. பார்வையாளர் நம்பினால் போதும் என்பதே வரைகலையின் பேரம்.

இழந்த சுழல்களை மீட்கும் முயற்சி உடனே தொடங்கியது. 2001-ல் ஃபெட்கிவ், ஸ்டாம், ஜென்சன் மூவரும் புகையில் சுழல்களைத் திரும்ப ஊட்டும் முறையைக் கொடுத்தார்கள். 2005-ல் யோங்னிங் ஸூவும் ராபர்ட் பிரிட்சனும் லாஸ் அலமோஸிலிருந்தே 1986-ல் வந்த 'ஃபிலிப்' முறையை வரைகலைக்குக் கொண்டுவந்தார்கள். ஹார்லோவின் பழைய முறையில் துகள் ஒவ்வொரு படியிலும் கட்டத்தின் சராசரி வேகத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஃபிலிப் முறையில் வேகத்தில் ஏற்பட்ட மாற்றத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும். அதனால் தெறிப்பு உயிரோடு இருக்கும்.

எல்லோருக்கும் தண்ணீர்

அதே 2005-ல் கூகுளின் கோடைகால நிரலாக்கத் திட்டத்தின் கீழ் நில்ஸ் தூரை என்ற ஆய்வு மாணவர் பிளெண்டரில் பாய்ம வசதியைச் சேர்த்தார். பெரிய ஸ்டுடியோக்களின் கையில் இருந்த வித்தை, வீட்டில் ஒரு கணினி வைத்திருக்கும் யாருக்கும் இலவசமாகக் கிடைத்தது. 2020-ல் வந்த பிளெண்டர் 2.82-இல் அதன் இடத்தை 'மாண்டாஃப்ளோ' பிடித்தது. அதற்குப் பின்னாலும் இருந்தவர்களில் ஒருவர் அதே தூரை.

இந்தக் கதை தெரிந்தால் அந்த மென்பொருளின் அமைப்புப் பலகை மிரட்டாது. தண்ணீர் வெடிக்கிறதா? அது 1928-ன் எச்சரிக்கை, காலப்படிகளைக் கூட்ட வேண்டும். தேன் போல இருக்கிறதா? கட்டங்கள் பெரிதாக இருக்கலாம், அல்லது ஃபிலிப் விகிதம் குறைந்து ஹார்லோவின் சராசரி மேலோங்கியிருக்கலாம். கணினி நின்றுவிட்டதா? பெட்டியின் ஒரு பக்கத்துக்கு 32 கட்டங்கள் என்றால் மொத்தம் 32,768. அதை 64 ஆக்கினால் 2,62,144. கட்டங்கள் 8 மடங்கு. படிகளையும் இரட்டித்தால் வேலை 16 மடங்கு!

எனவே புதிதாகத் தொடங்குபவர்கள் 32-லேயே தொடங்கலாம். நீர் எந்தப் பக்கம் பாய வேண்டும், எங்கே மோத வேண்டும் என்பதையெல்லாம் அந்தக் கரடுமுரடான நீரிலேயே சரிசெய்துவிட்டு, கட்டங்களைக் கடைசியில் கூட்டினால் போதும்.