துண்டுக் காடுகளில் எதை எண்ணுவது?

புதுச்சேரியை அடுத்த நோணாங்குப்பத்தில் படகேறுவோர் கண்ணில் படுவது சுண்ணாம்பாற்றின் கழியும் கரையோர அலையாத்திகளும்தான். இந்தக் கரையின் பழைய நிலக்காடு வேறு. வீரை, காயா, பாலை, கருங்காலி முதலிய மரங்கள் தடித்த இலைகளோடு ஆண்டு முழுதும் பசுமையாக நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு அது. மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும் நிலத்தில் இலை உதிர்க்காத காடு நிற்பதே ஒரு புதிர். சாம்பியனும் சேத்தும் 1968இல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது இதைத் தனி வகையாக வைத்தனர். இன்று புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியும், தெற்கே கடலூர்ப் பக்கம் திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் போன்ற ஊர்களிலும் சிறு துண்டுகளாக எஞ்சியிருக்கிறது. இவற்றின் நலத்தை வளர்ந்த மரங்களின் இனப்பட்டியலைக் கொண்டு அளப்பது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பட்டியல் என்னவோ ஊக்கம் தருவதுதான். புதுவைப் பல்கலைக்கழகத்தின் ந. பார்த்தசாரதியும் அவர் குழுவினரும் இக்கோயில்காடுகளைப் பல ஆண்டுகள் அளந்தவர்கள். மேலோங்கி நிற்கும் இனம் காட்டுக்குக் காடு மாறுவது அத்தகைய அளவீடுகளில் தெரிகிறது. பல சிறு துண்டுகள் சேர்ந்து ஒரு பெருங்காட்டுக்கு நிகராக இனங்களைத் தாங்கக்கூடும் என்று சிம்பர்லாஃபும் ஏபெலும் 1976இல் வாதிட்டதற்கு இது சாதகமானது. லெனோர் ஃபாரிக் 2017இல் 118 ஆய்வுகளைத் தொகுத்து, துண்டுபடலின் குறிப்பிடத்தக்க விளைவுகளில் 76 விழுக்காடு நேர்மறையானவை என்றே எழுதினார். ஆனால் காட்டின் மொத்தப் பரப்பு மாறாதிருக்க, அது எத்தனை துண்டாகக் கிடக்கிறது என்பதை மட்டும் பிரித்துப் பார்த்த கணக்கு அது. நம் கரையில் துண்டாடலும் பரப்பு இழப்பும் ஒரே நிகழ்ச்சி. முந்திரியும் சவுக்கும் மனைப்பிரிவுகளும் இரண்டையும் ஒருசேரச் செய்தன. ஐந்து கண்டங்களில் 35 ஆண்டுகள் நடந்த சோதனைகளை 2015இல் தொகுத்த நிக் ஹடாட் குழுவினர், பல்லுயிர் வளம் 13 முதல் 75 விழுக்காடு வரை குறைவதையும், மிகச் சிறிய, தனித்த துண்டுகளில் அந்த இழப்பு காலம் செல்லச் செல்லக் கூடுவதையும் கண்டனர். நம் கோயில்காடுகள் அந்த வரிசையில்தான் வருகின்றன.

இவை தலைமுறை தலைமுறையாகச் சிறியவையாகவே நிலைத்திருக்கின்றனவே என்று கேட்கலாம். வலுவான கேள்வி. அவை நிலைத்த காலத்தில் இடையிடையே வேலிப்புதரும் ஏரிக்கரையும் பனந்தோப்பும் இருந்தன. இக்காட்டு மரங்கள் பலவும் சதைக்கனி தருபவை; சின்னானும் குயிலும் பழந்தின்னி வௌவாலும் மரநாயும் விதை சுமந்து கடக்க வழியிருந்தவரை இந்தக் கோயில்காடுகள் தீவாகவில்லை. வழி அடைபட்ட பிறகும் முதிர்ந்த பாலை நின்றுகொண்டுதான் இருக்கும். கன்று விடுவதை நிறுத்திய ஓர் இனம் பட்டியலிலிருந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகலாம். 1994இல் டில்மனும் உடனாய்வாளர்களும் இதை அழிவுக் கடன் என்றார்கள். கன்று குறைவது விதைவழி அடைபடுவதால் மட்டுமல்ல. கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்த வரும் கூட்டம் மரத்தை வெட்டுவதில்லை, அது தெய்வக்குற்றம். கன்றை மிதிப்பதை யாரும் குற்றமாக எண்ணுவதில்லை.

காவலுக்கு எல்லை போடும்போதும் விதையின் வழி விடுபட்டுப்போகிறது. புதுச்சேரி எல்லையிலுள்ள ஊசுட்டேரியில் தன் பகுதியைப் புதுச்சேரி அரசு 2008இல் பறவைகள் சரணாலயமாக்கியது. ஏரியின் மறுபாதி தமிழ்நாட்டுக்குரியது. பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன எல்லைக்கோடு இப்படி நீரையும் வெட்டிச் செல்கிறது, விதை சுமக்கும் பறவைக்கு அது தெரியாது என்றாலும். காவல் எல்லைக்குள்ளும் விதையின் வழி எல்லைக்கு வெளியிலும் இருப்பதுதான் இங்குள்ள சிக்கல். 1968இல் தொடங்கிய ஆரோவில்லின் செம்மண் மேட்டில் இக்காட்டு மரங்களை மீண்டும் வளர்த்திருப்பதால், இடைவெளியை நிரப்ப முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. சட்டக் காவலுக்கும் வழி உண்டு: பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்புக்கு 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் இடம் தருகிறது. 2022இல் மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டி அதைப் பெற்றது. கீழ்ப்புத்துப்பட்டுக்கும் அதைக் கோருவோர், விண்ணப்பத்தில் மரப்பட்டியலோடு முழங்கால் உயரக் கன்றுகளின் கணக்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.