பெர்மிட் சிமெண்டும் போட்டி சிமெண்டும்

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர், "நீதான் ரஞ்சன்குடிக்காரனாச்சே, கோட்டையைப் பத்தி எழுதேன்" என்றார். கோட்டையைப் பற்றி எழுத வரலாற்றுத் துறை நண்பர்கள் இருக்கிறார்கள். பொருளியல் படித்த எனக்கு ஒன்றுதான் கண்ணில் படுகிறது. 1751-ல் எங்கள் ஊர்ப் பக்கம், வாலிகண்டபுரத்தில் மோதிக்கொண்ட ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இரண்டு வியாபாரக் கம்பெனிகளின் படைகள். வியாபாரப் போட்டி அன்று பீரங்கியோடு வந்தது! பிற்காலத்தில் இதே வட்டாரத்துக்கு வந்த இன்னொரு போட்டியைப் பற்றித்தான் எழுத வந்தேன். அது சிமெண்ட் போட்டி.

அரியலூர்ப் பகுதி பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல். அதனால் தோண்டினால் சுண்ணாம்புக்கல். பக்கத்தில் டால்மியாபுரம் ஆலை 1939-லேயே வந்துவிட்டது. ஆனாலும் எழுபதுகளில் எங்கள் அப்பா வீடு கட்டியபோது சிமெண்டுக்குப் பெர்மிட் வேண்டும். மனு எழுதி, ஓர் அலுவலகத்துக்கு எட்டு நடை நடந்து, கேட்டதில் பாதி மூட்டைக்குத்தான் சீட்டு கிடைத்தது. மீதிச் சுவரைச் சுண்ணாம்புக் காரையில் முடித்தார்கள். காசு இருந்தவர்களுக்குக் கள்ள மார்க்கெட்டில் எத்தனை மூட்டை வேண்டுமானாலும் கிடைத்தது என்பது வேறு கதை.

ஏன் அந்தத் தட்டுப்பாடு? விலையை அரசு கட்டியது. யாருக்கு எவ்வளவு என்பதையும் அரசே சொன்னது. 1967-ம் ஆண்டு சிமெண்ட் கட்டுப்பாட்டு ஆணை அதற்கானது. ஏழைக்கும் நியாய விலையில் கிடைக்கட்டும் என்ற எண்ணத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் கட்டிய விலையில் லாபம் மிஞ்சாததால் புது ஆலை போட யாருக்கும் மனம் வரவில்லை. ஆலை இல்லாததால் தட்டுப்பாடு, தட்டுப்பாட்டால் பெர்மிட், பெர்மிட்டால் லஞ்சம். சிமெண்ட் ஒதுக்கீட்டுக்கும் அறக்கட்டளை நன்கொடைக்கும் தொடர்பு உண்டு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னதும், 1982 ஜனவரியில் மகாராஷ்டிர முதல்வர் அந்துலே பதவி விலகினார். ஒரு மூட்டை சிமெண்ட் முதலமைச்சரையே கவிழ்த்த காலம் அது!

அடுத்த மாதமே பாதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. பழைய ஆலைகள் மூன்றில் இரண்டு பங்கை 'லெவி'யாக அரசு விலைக்குக் கொடுத்துவிட்டு மீதியை இஷ்ட விலைக்கு விற்கலாம். புது ஆலைக்கு லெவி பாதிதான். 1981-82-ல் 2 கோடி டன்னைச் சற்றே தாண்டியிருந்த நாட்டின் உற்பத்தி, 1988-89-ல் 4 கோடி டன்னைத் தாண்டியது. 1989 மார்ச்சில் விலைக் கட்டுப்பாடும், 1991 ஜூலையில் லைசென்சும் போயின.

அரியலூரில் அரசின் டான்செம் ஆலை 1979-ல் வந்தது. லைசென்ஸ் போன பிறகு தனியார் வரிசைகட்டினார்கள். 1997-ல் ஆலத்தியூரில் மெட்ராஸ் சிமெண்ட்ஸ்; தளவாய், ரெட்டிபாளையம், கீழப்பழுவூர், தாமரைக்குளம் என்று ஊருக்கு ஊர் புகைபோக்கி. வேலை வந்தது, லாரி வந்தது, டீக்கடை வந்தது. வெட்டிய பள்ளங்களும், லாரியில் அடிபட்டுச் செத்தவர்களும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி.

சரி, இத்தனை ஆலை வந்தும் விலை இறங்கியதா? அங்கேதான் நம் பாடப்புத்தகம் தடுமாறுகிறது. கட்டுப்பாடு போனால் போட்டி தானாக வந்துவிடும் என்று வகுப்பில் படித்தோம். 2012 ஜூனில் இந்தியப் போட்டி ஆணையம், விலையையும் உற்பத்தியையும் தங்களுக்குள் பேசிவைத்ததாகச் சொல்லி 11 சிமெண்ட் கம்பெனிகளுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அது ரத்தாகி, 2016-ல் மறுபடி போடப்பட்டு, 2018-ல் தீர்ப்பாயத்தில் உறுதியாகி, பிறகு உச்ச நீதிமன்றம் போனது. இதற்கிடையே 2015 ஜனவரியில் தமிழக அரசே மூட்டை 190 ரூபாய்க்கு 'அம்மா சிமெண்ட்' விற்க இறங்கியது. அதற்கும் மனு, அதற்கும் வரிசை. அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக் கைக்குப் போனது. தளவாயும் ரெட்டிபாளையமும் இப்போது ஒரே குடும்பம். மூட்டையில் பெயர் வேறு வேறாக இருந்தாலும் முதலாளி ஒருவரே.

தற்போது பொருளியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். மங்கலமேடு, பெரம்பலூர், அரியலூர் கடைகளில் வாரம் ஒருமுறை மூட்டை விலையைக் குறித்து வையுங்கள். எந்தக் கம்பெனி எந்தத் தேதியில் ஏற்றியது, மற்றவை எத்தனை நாளில் ஏற்றின என்று எழுதுங்கள். ஓராண்டுக் கணக்கு சேர்ந்ததும் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.