பசுமைக் கட்டடமும் கட்டுவிப்போரின் தயக்கமும்

சூழலுக்கு இசைந்த கட்டடங்கள் ஏன் பெருகவில்லை என்ற கேள்விக்கு, கட்டுவிப்போரிடம் விழிப்புணர்வு இல்லை என்பதே வழக்கமான பதில். இது சோம்பேறித்தனமான பதில். மொட்டைமாடி வெயிலின் தகிப்பையும் கோடை மாதத்து மின்கட்டணத்தையும் வீட்டுக்காரர் எவரும் அறியாமலில்லை. பழகாத முறையில் கட்டி, நாளை விரிசலோ ஒழுக்கோ வந்தால் யார் பொறுப்பு என்பதுதான் அவரது கவலை. அந்தப் பொறுப்பைப் பங்குபோட ஆள் கிடைத்த இடங்களில் மட்டுமே பசுமைக் கட்டடங்கள் எழுந்திருக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

சட்டத்தின் கை எட்டும் தூரம் குறைவு. 2007இல் வந்த எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு பெரிய வணிகக் கட்டடங்களுக்கானது. குடியிருப்புகளுக்கென 2018இல் வெளியான ஈகோ நிவாஸ் சம்ஹிதா, 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளையே கணக்கில் கொள்கிறது. சென்னைக் கணக்கில் அது இரண்டு கிரவுண்டுக்கும் மேல். அரை கிரவுண்டில் வீடு கட்டுபவரை இவ்விதிகள் தொடுவதேயில்லை. அவர் தாமாக விரும்பிக் கேட்டால்தான் உண்டு.

பொறுப்பேற்க ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஹைதராபாத் அருகே போச்சாரத்தில் உள்ள இன்ஃபோசிஸ் வளாகம் தெளிவான சான்று. அங்கே ஒரே கட்டடத்தின் ஒரு பாதிக்கு வழக்கமான குளிரூட்டும் முறையும், மறுபாதிக்குக் கான்கிரீட் தளத்தில் புதைத்த குழாய்களில் குளிர்நீர் ஓடும் முறையும் அமைக்கப்பட்டன. இரு பாதிகளின் மின்செலவும் தனித்தனியே அளக்கப்பட்டது. குளிர்நீர்ப் பாதி கணிசமாகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கியது. அதை அமைக்கும் செலவும் கூடவில்லை. அந்நிறுவனம் இதில் துணிந்து இறங்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. கட்டியதும் குடியிருப்பதும் மின்கட்டணம் செலுத்துவதும் ஒரே கைதான். சோதனை தோற்றிருந்தாலும் பாதிக் கட்டடம் பழைய முறையில் ஓடிக்கொண்டிருக்கும். விற்பதற்காக அடுக்ககம் கட்டும் நிறுவனத்துக்கு இந்த நியாயம் பொருந்தாது. அங்கே செலவு ஒருவருடையது, மிச்சம் வேறொருவருடையது.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கதையையும் இந்தக் கோணத்தில் படிக்கலாம். அவரது எளிமையைப் போற்றுவோர் பலர். அவருக்கு வேலை கொடுத்தவர்களைப் பற்றி எழுதுவோர் சிலரே. திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்னும் பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தை 1970களில் அவர் கட்டியபோது, அந்நிறுவனத்தை உருவாக்கிய பொருளியலாளர் கே.என். ராஜ் அவருக்கு உறுதுணையாக நின்றார். முதலமைச்சர் சி. அச்சுத மேனனின் ஆதரவும் இருந்தது. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டு அவர் கையாண்ட எலிப்பொறிக் கட்டு, ஏறத்தாழ கால்பங்கு செங்கல்லை மிச்சப்படுத்துகிறது, வெப்பத்தையும் மட்டுப்படுத்துகிறது. ஆனால் இந்தக் கணக்கைக் காகிதத்தில் பார்த்து நம்புவது கடினம். ஒரு பொது நிறுவனம் முதல் சோதனையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டதால், பிறகு வீடு கட்டியவர்கள் போய்த் தட்டிப் பார்த்து நம்ப ஓர் இடம் கிடைத்தது. அதோடு பேக்கர் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியவர் அல்லர். தம் கொத்தனார்களோடு களத்தில் நின்று கட்டியவர். சுவருக்கு அவரே பொறுப்பு.

தமிழ்நாட்டில் தனிவீடு கட்டுபவருக்கு இத்தகைய துணை இல்லை. கட்டுவதும் குடியிருப்பதும் அவரேதான்; மின்கட்டணமும் அவருடையதே. ஆக, இன்ஃபோசிஸின் நியாயம் அவருக்கும் பொருந்த வேண்டும். பொருந்துவதில்லை. ‘அதெல்லாம் நிக்காது சார்’ என்று மேஸ்திரி ஒரு சொல் சொன்னால் போதும், பேச்சு முடிந்தது. மேஸ்திரி மீது பழிபோடுவதிலும் பயனில்லை. தெரியாத வேலையைச் செய்து கெட்ட பெயர் வாங்க அவருக்கு என்ன அவசியம்? கட்டடக் கலைஞருக்கோ, கட்டுமானச் செலவில் இத்தனை விழுக்காடு என்று ஊதியம் பேசப்பட்டிருந்தால், செலவைக் குறைக்கும் ஒவ்வொரு யோசனையும் அவர் வருமானத்தையும் குறைக்கிறது. பூசாத செங்கல் சுவரைப் பார்த்து ‘இன்னும் வேலை முடியலையா?’ என்று கேட்கும் உறவினர்கள் தனி. இதை அற்பம் என்று ஒதுக்கக்கூடாது. ஆயுள் சேமிப்பைக் கொட்டிக் கட்டும் வீட்டில் மதிப்பும் ஒரு பயன்தான். எனவே சுவரை விட்டுக் கூரையில் தொடங்குவதே தந்திரம் என்பேன். சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து போட்டு மேலே தட்டோடு பதிப்பது இங்கே பழகிய வேலை. யார் கண்ணையும் உறுத்தாது, மேஸ்திரியும் மறுக்கமாட்டார்.

கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் விதிக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு சாட்சி. நிலத்தடி நீர் உயர்ந்தது உண்மை. பராமரிப்பின்றித் தூர்ந்துபோன குழிகள் ஏராளம் என்பதும் உண்மை. ஆணை குழியைத் தோண்டவைக்கும். அதைத் தூர்வாரத் தூண்டுவது உரிமையாளரின் சொந்த ஆதாயம் மட்டுமே.

2024 முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழி உடனடி அனுமதி கிடைக்கிறது. வீட்டுக்காரர் மனம் இன்னும் இறுகாத கட்டம் அது. சோதித்துப் பார்த்த இரண்டு மூன்று கூரை அமைப்புகளின் வரைபடத்தை அளவும் விலையும் போட்டு அந்த விண்ணப்பத்தோடு அரசு தரலாம். அதே அமைப்புகளைப் பொதுப்பணித் துறை முதலில் தன் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் போட்டுக்காட்ட வேண்டும். துறையின் விலைப்பட்டியலில் இல்லாத வேலைக்கு அரசுப் பொறியாளர் மதிப்பீடு போடமாட்டார் என்பதால், திருத்தம் அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்கியாக வேண்டும்.